கிரேஸ் வீட்டுக்கு வந்த வழி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெறுகிறவரைக் கம்பெனி ஆட்கள் தனியாக வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். கடைசி நாள் ஷிப்டு முடிந்ததும் கேட் வாசலில் மாலை போட்டு, வெடி வெடித்து, காரில் உட்கார வைத்து, பேண்டு செட்டோடு ஊர் வரைக்கும் வருவார்கள். வீட்டு வாசலில் இறக்கி விட்டு, பிரியாணி சாப்பிட்டு விட்டுத்தான் திரும்புவார்கள். உலையருகே வெந்தவனானாலும் சரி, கேட்டில் நின்ற வாட்ச்மேனானாலும் சரி, அன்றைக்கு அவன் மாப்பிள்ளை மாதிரி. எந்தக் கம்பெனி சட்டத்திலும் இது இல்லை. ஆனாலும் இதை யாரும் விட்டுக்கொடுத்ததில்லை.

ராஜமாணிக்கத்துக்கு அது கிடைக்கவில்லை. இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் மெயின்டனன்ஸ் பிரிவில் காலமெல்லாம் வேலை செய்தவர் அவர். ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனபோது கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. மில் மூடப்பட்டது என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். மற்றவர்களோடு வெயில் ஏறும் வரை நின்று பார்த்து விட்டு, திறக்காத சாப்பாட்டுக் கேரியரோடு வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு வந்த கோபம் அவருக்கு இன்னும் தணியவில்லை. அது உட்காரும் இடம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

இப்போது அவர் மனைவி கிரேஸ் ஓய்வு பெறுகிறாள். சுவிட்சு போர்டு செய்யும் கம்பெனியில் பேக்கிங் பிரிவு. நின்றுகொண்டே செய்கிற வேலை. ஆடி மாதத்தில் அவளுடைய கடைசி நாள் வருகிறது. தேதி தெரிந்த அன்றைக்கே ராஜமாணிக்கம் முடிவு செய்து விட்டார். கம்பெனி வேன் வேண்டாம், வாடகைக் கார் வேண்டாம். மில் மூடியபோது கிடைத்த செட்டில்மென்ட் பணத்தில் வாங்கிய தன்னுடைய வெள்ளை அம்பாசடரில், தானே ஓட்டி, மேளத்தோடு அவளை ஊர்த் தெரு வழியாகக் கொண்டு வரவேண்டும்.

அவர்கள் ஊரான சித்தேரிமேட்டுக்குள் வர இரண்டு வழி. ஹைவேயிலிருந்து இறங்கி நேராக வந்தால் ஊர்த் தெரு. நிலக்காரர்களின் மாடி வீடுகளும் அம்மன் கோயிலும் அதில்தான். தெரு முடிகிற இடத்தில், ராஜமாணிக்கத்தின் வீடு இருக்கும் காலனியும் சின்னச் சர்ச்சும். இன்னொரு வழி ஏரிக்கரை ரோடு. ஊரைத் தொடாமல் கரைமேல் சுற்றிக்கொண்டு காலனியின் பின்பக்கம் வந்து சேரும். இப்போதெல்லாம் காலனிப் பிள்ளைகள் ஊர்த் தெருவில் பைக்கில் பறக்கிறார்கள், ஷேர் ஆட்டோவும் போகிறது. ஆனால் மாலையும் மேளமுமாகக் காலனியின் வண்டி ஒன்று அந்தத் தெருவில் மெதுவாகப் போனதில்லை. யாரும் தடுத்ததில்லை, யாரும் போனதும் இல்லை. ராஜமாணிக்கத்தின் அப்பா தெரு முனையில் சைக்கிளை விட்டு இறங்கி, கடைசி வீடு தாண்டும் வரை தள்ளிக்கொண்டுதான் போவார். பின்னால் கேரியரில் உட்கார்ந்திருக்கும் சிறுவன் ராஜமாணிக்கமும் குதித்து இறங்கி நடக்கவேண்டும். அந்தத் தெருவில் வண்டியை விட்டு இறங்குவது என்பதை நினைத்தாலே இன்றைக்கும் அவருக்குக் கழுத்து நரம்பு புடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கார் மக்கர் பண்ணியது. ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய், முன்பக்கம் ஆவி கிளம்பியது. ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, ஹைவே ஓரத்தில் இருக்கும் குப்புராஜின் ஷெட்டுக்கு ஓட்டிப் போனார். மெக்கானிக் குப்புராஜ் பானட்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் இன்ஜின் ஃபேனில் ஓர் இறக்கை பாதியில் முறிந்து காணாமல் போயிருந்தது. இன்னொன்று அடியில் விரிசல் விட்டிருந்தது.

“ஃபேன மாத்தணும் மாணிக்கண்ணே. புதுப்பேட்டைல தேடணும். எதுக்கு உனக்கு இந்த பேஜாரு? கழட்டிப் போட்டுட்டு ஓட்டு. நிக்காம போனாக்கா எதிர்காத்தே போதும். ஏரிக்கரை ரோட்ட புடிச்சின்னா ஜம்முனு ஊட்டுக்குப் பூடலாம்.”

“நான் ஊர்த் தெருவுல போவணும்.”

“மேளத்துக்குப் பின்னாலயா? நடக்கற வேகத்துல எதிர்காத்து ஏது? கோயிலு வரைக்கும்கூட தாங்காது. காப்பு வேற கட்டிட்டாங்களாம்.”

சித்தேரிமேட்டு அம்மனுக்குக் காப்பு கட்டியது ஹைவே ஓரத்து மெக்கானிக்குக்கு எப்படித் தெரிந்தது என்று ராஜமாணிக்கம் கேட்கவில்லை. ஷெட்டின் மூலையில் ஊர்த் தெருக்காரன் வெங்கடேசனின் டிராக்டர் நின்றிருந்தது. அது போதும். பானட்டை அடித்து மூடினார். குட்டியானை மினி லாரி ஒன்றைப் பிடித்துக் கயிறு கட்டி, காரை வீட்டுக்கு இழுத்து வந்தார்.

வெங்கடேசன் அன்று சாயங்காலமே காலனிக்கு வந்தான். ஊர்த் தெருவில் கோயிலுக்கு அடுத்த வீடு அவனுடையது. ராஜமாணிக்கத்தின் அப்பா அவன் தாத்தாவிடம் ஏர் ஓட்டியவர். பைக்கை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பேசினான். மகன் வயதுக்காரன், ஆனாலும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். அவன் அப்பா பரசுராமனை ராஜமாணிக்கத்தின் அப்பா ‘ஆண்டே’ என்று எஜமானைப் போலக் கூப்பிட்டார். ராஜமாணிக்கம் இவனைத் தம்பி என்பார். அந்தத் தம்பி தன்மேல் விழும்போதெல்லாம் வெங்கடேசனின் முகம் ஒரு கணம் சுருங்கும். அதைப் பார்ப்பதற்காகவே ராஜமாணிக்கம் ஒரு தம்பியைக் கூடுதலாகப் போடுவார்.

“இன்னா ராஜமாணிக்கம், வண்டி படுத்துக்கிச்சாமே.”

“எய்ந்துக்கும் தம்பி. பாத்துக்கினுதான் இருக்கேன்.”

“அந்தம்மா ரிட்டேர்டு ஆவுது, மேளம் வெச்சிருக்கீங்க, சந்தோசம். நானே வந்து சால்வை போடறேன். ஆனா அம்மனுக்கு காப்பு கட்டியாச்சு. தெருவுல வேற மேளம் கூடாது. நான் சொல்லல, பெரியவங்க சொல்றாங்க. ஏரிக்கரை ரோடு தார் போட்டு பளபளன்னு கெடக்குது.”

“காப்பு கட்டினதுக்கு அப்பாலதான் உங்க அக்கா பையன் பொறந்த நாளு வந்துச்சு. தெருவுல ஸ்பீக்கர் வெச்சு ஆடினாங்க. அன்னிக்கு காப்ப அவுத்து வெச்சிருந்தீங்களா தம்பி?”

வெங்கடேசன் சிரிப்பை நிறுத்தினான். “அது எங்க ஊட்டு விசயம்.”

“இது எங்க ஊட்டு விசயம்.”

பைக்கைக் கிளப்பிக்கொண்டே வெங்கடேசன் சொன்னான்: “ஓட்ட வண்டிய வெச்சிக்கினு ரோசம் பேசாத. தெரு நடுவுல நின்னுச்சுன்னா எறங்கித்தான் ஆவணும். யோசிச்சிக்க.”

அன்றிரவு ராஜமாணிக்கம் சாப்பிட்ட தட்டில் பாதிக் குழம்பு அப்படியே இருந்தது. பழவேற்காட்டு எறா போட்டு வைத்த குழம்பு. சட்டியில் மீந்ததைக் கிரேஸ் மகனுக்கு எடுத்து வைத்தாள்.

மகன் சாம்சன் கார் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்டு ஆள். நைட் ஷிப்டு முடித்து, தூங்காமல், ரயில் பிடித்துப் புதுப்பேட்டைக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு ஃபேனைத் தேடிக் கொண்டு வந்தான். பழைய சரக்கு, ஆனால் ஓடாதது. கிரீஸ் காகிதம்கூடப் பிரியவில்லை. வந்தவனை ஏன் இத்தனை நேரம் என்று கேட்டார் ராஜமாணிக்கம். அவன் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு வண்டிக்கு முன்னால் வந்து குந்தினான். அப்பனுக்குப் பிள்ளை தப்பவில்லை, அவனுக்கும் கோபம்தான்.

வேலை சுலபமில்லை. ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கை நுழைகிற இடம்தான் உண்டு. அதனால் முதலில் ரேடியேட்டர் வெளியே வரவேண்டும். கீழேயிருக்கும் குழாயைத் திறந்து தண்ணீரை வடித்தார்கள். துருப்பிடித்து மஞ்சளாக வந்தது. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ரப்பர் ஹோஸ்களை உருவி, பக்கவாட்டு போல்ட்டுகளைக் கழற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து ரேடியேட்டரைத் தூக்கி வெளியே வைத்தார்கள். டைனமோவைத் தளர்த்திப் பெல்ட்டை எடுத்தார்கள். ஃபேனைப் பிடித்திருந்தவை நான்கு போல்ட்டுகள். மூன்று வந்து விட்டன. நாலாவது துருவேறி இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, தட்டி, ஸ்பானரில் குழாயைச் செருகி நெம்பினார் ராஜமாணிக்கம். முழங்கையில் தோல் உரிந்தது. அந்த போல்ட்டை அவர் திட்டிய திட்டு பாதி அதற்கும் பாதி வெங்கடேசனுக்கும் போய்ச் சேர்ந்தது.

புது ஃபேனின் நடுத்தகடு தட்டையாக இருந்தது. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் துளைகள் பொருந்தின.

“குழி எந்தப் பக்கம் வரணும் நைனா?” என்று சாம்சன் கேட்டான். இறக்கைகளுக்கு ஒருபக்கம் புடைப்பு, ஒருபக்கம் குழி.

“ரேடியேட்டரப் பாத்து.”

சாம்சன் போனை எடுத்து எதையோ தட்டினான். “இதுல ஒருத்தன் இன்ஜின் பக்கம்னு காட்றான்.”

“மில்லுல நான் எத்தினி புளோயர் மாட்டிக்கிறேன் தெரியுமாடா? சூடு எங்க இருக்குதோ அங்க பாத்துக்கினு இருக்கணும் மூஞ்சி. போன மூடு.”

மில்லில் அப்படித்தான். செக்கச்செவேலென்று கம்பி உருண்டு வரும் இடத்தில் ஆள் உயர புளோயர்கள் நிற்கும். குழிந்த முகம் சூட்டைப் பார்த்து இருக்கவேண்டும். அதை மாற்றி வைத்தால் ஃபோர்மேன் மட்டுமல்ல, அங்கே நின்று வேகிறவனும் அடிக்க வருவான். அந்தப் பழக்கத்தில் அவர் கை ஃபேனை ரேடியேட்டரைப் பார்க்க வைத்து முடுக்கியது. சாம்சன் போனைப் பையில் போட்டான்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, தண்ணீர் ஊற்றி, ஹைவேயில் ஆரம்பாக்கம் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பினார். முள் நடுவில் நின்றது, அசையவில்லை. வருகிற வழியில் குப்புராஜின் ஷெட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தாமல் நீளமாக ஹாரன் அடித்தார்.

கடைசி நாள் காலை கிரேஸ் கம்பெனி யூனிபார்முக்கு மேல்சட்டை தேடிக்கொண்டே பேச்சை எடுத்தாள். ஏரிக்கரை ரோட்டிலேயே போய்விடலாம் என்றாள். கால் வலிக்கிறது, வருகிற பெண்களுக்குப் பிரியாணி போட்டு அனுப்பி விட்டுச் சீக்கிரம் படுக்கவேண்டும் என்றாள்.

“ஏரிக்கரை ரோடா? நம்ம பொணத்த எடுத்துக்கினு போற வழிடி அது. உன்ன நான் அந்த வழியாவா இட்டுனு வரணும்?”

“பொணமும் நம்ம ஆளுங்கதான. ரிட்டேர்டு ஆவறது நானு. சண்ட போடறது நீ. எனக்கு இன்னா வோணும்னு ஒரு வார்த்த கேட்டியா சாம்சன் அப்பா?”

“உனுக்கு ஒண்ணியும் வோணாம். எப்பவும் ஒண்ணியும் வோணாம்னுதான் சொல்லுவ. அதான் அவனுங்களுக்கு வசதி.”

கிரேஸ் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசல் வரை போய்த் திரும்பி, “உங்க மில்லு பூட்டினதுக்கு நான் இன்னா பண்ணுவேன்” என்றாள். ராஜமாணிக்கம் அன்றைக்கு நாஷ்டா சாப்பிடவில்லை.

சாயங்காலம் கேட் வாசலில் கூட்டம். பேக்கிங் பிரிவுப் பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் புடவை எடுத்திருந்தார்கள். கிரேஸுக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்யும் மெர்சிதான் எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்தினாள். சம்பங்கி மாலையைக் கழுத்தில் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே பேண்டுக்காரர்களை அதட்டினாள். கம்பெனி கொடுத்த குக்கர் டிக்கியில் ஏறியது. கிரேஸ் பின்சீட்டில் உட்கார்ந்தாள், பக்கத்தில் மெர்சி. முன்னால் சாம்சன். பேண்டுக்காரர்கள் ஒரு மினி லாரியிலும் மற்றப் பெண்கள் ஷேர் ஆட்டோக்களிலும் ஏறிக்கொண்டார்கள்.

ஹைவேயில் வண்டி ராஜா மாதிரி போனது. ஆடிக் காற்று எதிரே அடித்தது. மஞ்சள் புடவை கட்டிப் பெரியபாளையம் போகிறவர்கள் வேன்களிலிருந்து கையசைத்தார்கள். முள் நடுவில். கண்ணாடியில் கிரேஸின் முகம் தெரிந்தது. காலையில் இருந்த கடுப்பு கொஞ்சம் விட்டிருந்தது. மெர்சி எதையோ சொல்ல, மாலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஊர்த் தெரு முனையில் பேண்டுக்காரர்கள் இறங்கி முன்னால் வரிசை கட்டினார்கள். பெண்கள் ஆட்டோவை அனுப்பி விட்டுப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். சொர்ணவாரி நெல்லைத் தெருவில் காயவைத்திருந்தார்கள். நடுவே ஒரு வண்டி போகிற அளவுதான் வழி. மேலே குறுக்கும் நெடுக்குமாக வேப்பிலைத் தோரணம். மேளம் ஆரம்பித்ததும் வீட்டு வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். ராஜமாணிக்கம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, முதுகை நிமிர்த்தி, யாரையும் பார்க்காமல் ஓட்டினார். பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. இதற்காகத்தான் இத்தனை பாடும்.

பாதித் தெருவில் முள் நடுவை விட்டு நகர்ந்தது.

முதலில் அவர் அதை நம்பவில்லை. மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். முள் இன்னும் கொஞ்சம் ஏறியது. சாம்சனும் பார்த்து விட்டான். “நைனா,” என்றான் மெதுவாக. “வாய மூடு,” என்றார். முன்னால் பேண்டுக்காரர்கள் ஓர் இடத்தில் நின்று சுற்றிச் சுற்றி வாசித்தார்கள். அவர்களை முந்த முடியாது, பின்னாலும் போக முடியாது. முள் சிவப்பைத் தொட்டு, தாண்டி, கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது. அம்மன் கோயில் வாசலில், வெங்கடேசன் வீட்டுக்கு நேர் எதிரே, பானட்டின் இடுக்குகளில் ஆவி சீறியது. இன்ஜின் இரண்டு முறை இருமி நின்றது.

மேளமும் நின்று விட்டது. பானட்டுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம் தெருவுக்கே கேட்டது.

தெருவோரத் திண்டில் உட்கார்ந்திருந்த இளவட்டங்களில் ஒருவன் விசில் அடித்தான். வெங்கடேசன் மஞ்சள் வேட்டியும் மணிக்கட்டில் காப்புக் கயிறுமாகக் கோயிலுக்குள்ளிருந்து வந்தான். இன்னும் சற்று நேரத்தில் அம்மன் கரகம் புறப்பட வேண்டும், அந்த வேலையில் இருந்தான். அவன் சத்தம் போட்டிருந்தால் ராஜமாணிக்கம் தாங்கியிருப்பார். அவன் சத்தம் போடவில்லை. ரொம்பத் தன்மையாகப் பேசினான்.

“பரவால்ல ராஜமாணிக்கம், ஆனது ஆச்சு. அந்தம்மாவ எறங்கச் சொல்லு. நடந்து பூடட்டும், இதோ இருக்குது காலனி. வண்டிய பசங்கள விட்டுத் தள்ளிடலாம். கரகம் பொறப்படற நேரம்.”

மெர்சியும் இறங்கி விடலாம் என்றாள். சாம்சன் கதவைத் திறந்துகொண்டு கீழே நின்று, யாரோடு சண்டை போடுவதென்று தெரியாமல் கையைப் பிசைந்தான். ராஜமாணிக்கம் இறங்கினார். இத்தனை நாள் கூடவே இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பின்கதவைத் திறந்து பிடித்தார்.

“எறங்கு கிரேஸ்.”

அவள் அசையவில்லை. மாலையைச் சரிசெய்து மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். இந்த ஆளோடு இவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறாள், அவர் இப்படி நின்று அவள் பார்த்ததே இல்லை. அவள் முகம் இறுகியது.

“இன்னாத்துக்கு?”

“வண்டி போவாது.”

“போவ வெய்யி. ஏரிக்கரைல போலாம்னு காலு புடிக்காத கொறையா சொன்னேன், கேட்டியா? பொணம் போற வழின்ன. இந்தத் தெருவுல இட்டுனு வந்து குந்த வெச்சிட்டு, இப்ப எறங்கி நடன்றியா? நான் எறங்க மாட்டேன். எறங்கினா என் ஊட்டு வாசல்லதான். ரிப்பேர் பண்ணத் தெரியுமில்ல, பண்ணு.”

“இங்கயா?”

“வண்டி எங்க நிக்குது?”

பிறகு வெங்கடேசன் பக்கம் திரும்பி, “வண்டி ரிப்பேர் தம்பி, இன்னா பண்றது” என்றாள். மேளக்காரர்களைப் பார்த்து, “நீங்க இன்னாத்துக்கு நிறுத்தினீங்க? ஊடு இன்னும் வரல. வாசிங்க” என்றாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, டிரம்மை மெதுவாகத் தட்டத் தொடங்கினார்கள். கீழே கால் வைக்கப் போன மெர்சி, காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். பின்னால் வந்த பெண்கள் நெல்லை மிதிக்காமல் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். பாதிப் பேர் அந்த ஊரை அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள். என்ன விஷயமென்று தெரியாவிட்டாலும், கிரேஸக்கா இறங்கமாட்டாள் என்பது அவர்களுக்குப் புரிந்தது.

ராஜமாணிக்கத்துக்குக் கோபம் திரும்பி வந்தது. அவள்மேல் வந்ததா, தன்மேல் வந்ததா என்று பார்க்க நேரமில்லை. டிக்கியிலிருந்து ஸ்பானர் மூட்டையை எடுத்து வந்து, துண்டை உதறித் தரையில் விரித்து, சட்டையைக் கழற்றி சாம்சனிடம் கொடுத்தார்.

“இங்கயே கழட்டப் போறியா? கோயில் வாசல்யா இது,” என்றான் வெங்கடேசன். தன்மையெல்லாம் போய்விட்டது.

“ஆமா தம்பி.”

சூடு இறங்கும் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்து போகும். அதுவரை வெங்கடேசனின் அப்பா பரசுராமன் மாடியிலிருந்து கத்தினார். இவனுங்களைத் தெருவுக்குள் விட்டதே தப்பு என்றார், போலீசுக்குப் போன் போடு என்றார். போலீசுக்கு என்னவென்று சொல்வது என்று யாரோ கீழேயிருந்து கேட்டார்கள். வண்டி ரிப்பேராகி நிற்கிறது என்றா? பரசுராமன் கத்தலை நிறுத்தவில்லை. கிரேஸ் உள்ளே முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தில் சம்பங்கி வாடத் தொடங்கியிருந்தது.

மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து, கீழ்க்குழாயைத் திறந்தார்கள். வெந்நீர் தெருவில் ஓடி நெல்லை நோக்கிப் போனது. ஒரு கிழவி ஓடி வந்து நெல்லைக் காலால் ஒதுக்கினாள். ஹோஸ்களை உருவியபோது ராஜமாணிக்கத்தின் விரல்கள் சுட்டன, உதறிக்கொண்டு மறுபடி பிடித்தார். ரேடியேட்டரை வெளியே தூக்கி வைத்ததும் ஃபேன் முழுதாகத் தெரிந்தது. கையால் அதைச் சுற்றி விட்டார், ஒருமுறை, இரண்டு முறை. இறக்கை காற்றை எங்கே அள்ளுகிறது, எங்கே தள்ளுகிறது என்று பார்த்தார். மில்லில் புளோயர் சூட்டுக்கு எதிரே நிற்கும், ஊதும். இது சூட்டுக்குப் பின்னால் நிற்கிறது, இழுக்கவேண்டும். தான் மாட்டிய மாதிரியில் குழி இருக்கவேண்டிய இடத்தில் முதுகு இருந்தது. சுற்றும், சத்தமும் போடும், பாதிக் காற்றைக்கூட இழுக்காது. ஹைவேயில் காப்பாற்றியது எதிர்காற்று.

“திருப்பி மாட்டிட்டேன்டா,” என்றார்.

சாம்சன் ரிங் ஸ்பானரை எடுத்து அவர் கையில் வைத்தான்.

பெல்ட் இறங்கியது. போல்ட்டுகள் இந்த முறை தகராறு செய்யவில்லை. கோயில் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு அலறத் தொடங்கியது. யாரோ வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டினார்கள். மேளக்காரர்களுக்கு அது ரோசத்தைக் கிளப்பியது, இவர்களும் ஓங்கி அடித்தார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே ராஜமாணிக்கம் முழங்காலிட்டு, ஒவ்வொரு போல்ட்டாக, அவசரப்படாமல் முடுக்கினார். பூசாரி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்து விட்டு வெங்கடேசனிடம் போனார். கரகம் ஜோடித்தாகி விட்டது, தெருவில் இது நிற்கும்போது எப்படிக் கிளப்புவது? வெங்கடேசன் ராஜமாணிக்கத்தின் தலைக்கு மேல் நின்று, சீக்கிரம் ஆகட்டும் என்று பல்லைக் கடித்தான். சீக்கிரம் செய்தால் மறுபடி நின்றுவிடும் தம்பி என்றார் அவர். தலையைத் தூக்கவில்லை.

ரேடியேட்டர் உள்ளே போனது. ஹோஸ்கள் ஏறின. கிளிப்புகளை முடுக்கி முடித்ததும் ராஜமாணிக்கம் எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“தண்ணி வோணும்.”

மெர்சி தன் பையிலிருந்த பாட்டிலை நீட்டினாள். அது எந்த மூலைக்கு? காலனிக்குப் போய் எடுத்து வருவதாகச் சாம்சன் கிளம்பினான். போய், குடங்களைச் சுமந்துகொண்டு திரும்பி வரும்வரை இன்னும் இந்தக் கூத்து நடக்கவேண்டுமா என்று வெங்கடேசனுக்குத் தாங்கவில்லை. திண்டில் உட்கார்ந்திருந்த இளவட்டங்களைப் பார்த்து, “டேய், உள்ள போயி தண்ணி கொண்டாங்கடா, ஊத்தித் தொலைச்சி அனுப்புவோம்” என்று கத்தினான். ஒருவனும் எழுந்திருக்கவில்லை. காலனிக்காரன் வண்டிக்குத் தண்ணீர் சுமக்கவா என்று ஒருவன் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. வெங்கடேசன் அவர்களை ஒரு கெட்ட வார்த்தையில் திட்டினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனான். ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீரைத் தோளில் வைத்து, காப்புக் கயிறு நனைய, தெருவைக் கடந்து கொண்டு வந்து காரின் முன்னால் இறக்கினான். மாடியில் பரசுராமனின் கத்தல் நின்றது.

ராஜமாணிக்கம் குடத்தைச் சாய்த்து நிதானமாக ஊற்றினார். கடைசிச் சொட்டு வரை ஊற்றி, உள்ளே எட்டிப் பார்த்தார். காலிக் குடத்தை அவனிடம் நீட்டினார்.

“இன்னும் ஒண்ணு வோணும் தம்பி.”

அவன் அதையும் கொண்டு வந்தான்.

சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தானெல்லாம் பூட்டி, ராஜமாணிக்கம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பானட்டுக்குள் சத்தம் வேறாக இருந்தது, ஃபேன் காற்றை வாரி இழுக்கிற சத்தம். முள் ஏறி நடுவில் வந்து நின்றது. அவர் கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினார். கரகக்காரர்கள், பூசாரி, நெல்லுக்காரக் கிழவி, எல்லோரும் ஒதுங்கி நின்றிருந்தார்கள். எத்தனை பேர் நின்றிருந்தார்கள் என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எப்படியாவது இந்த இடத்தை விட்டுப் போய்விட வேண்டும் போலிருந்தது. கிளட்சை மிதித்து, கை தானாக இரண்டாவது கியருக்குப் போயிற்று.

பின்சீட்டிலிருந்து கிரேஸ் சொன்னாள்.

“இன்னாத்துக்கு செகண்டு? மேளம் முன்னால போவட்டும். பஸ்ட்லயே போ.”